பல் இருந்த டயர்

ஜல்லிப் பாதைப் பந்தயத்தில் ஓடும் சைக்கிள் ஒன்று. அதன் மெலிந்த டயர் வளைவுக்கு வளைவு வழுக்கியது. அதைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு மலை சைக்கிளின் பல் வைத்த டயரைக் கொண்டுவந்தான் ஓட்டுகிறவன்.

"வாங்கண்ணே. உங்க பல்லை நம்பித்தான் இருக்கேன்" என்றது சைக்கிள். டயருக்குப் பெருமை தாங்கவில்லை.

மாட்டிச் சுற்றியதும் ஓரப் பற்கள், சக்கரத்தைப் பிடித்திருக்கும் சைக்கிளின் கவட்டையில் உரசின.

"வந்த இடத்துல கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்ணே."

"அதுக்கென்ன" என்றது டயர். ஓட்டுகிறவன் பிளேடால் ஓரப் பற்களைச் சீவினான்.

தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். "கடகடன்னு ஒரே சத்தம். மானம் போகுதுண்ணே" என்றது சைக்கிள். நடுப் பற்களும் போயின. பந்தயத்தில் ஒரு தடவை ஓடிவிட்டால் போதும் என்று டயர் பொறுத்துக்கொண்டது.

பந்தய நாளில், முதல் ஜல்லி வளைவிலேயே வழுக்கிச் சைக்கிள் குப்புற விழுந்தது.

"மலை ஏறினவனாம், மலை! ஒரு பிடிப்பு உண்டாடா உங்கிட்ட?" என்று கத்தியது. அண்ணன் மரியாதை அந்த வளைவோடு சரி.

டயர் கொட்டகை மூலைக்குப் போயிற்று. மறுவாரம் வேறொரு மலை டயர் வந்து இறங்கியது.

"வாங்கண்ணே. உங்க பல்லை நம்பித்தான் இருக்கேன்" என்றது சைக்கிள்.

"தம்பி, வந்த வழியே போயிடு" என்று மூலையிலிருந்து குரல் கொடுத்தது பழைய டயர்.

புதியது அதை ஏற இறங்கப் பார்த்தது.

"பொக்கை வாய்க்கு வயித்தெரிச்சலைப் பாரு" என்று சிரித்தது, எல்லாப் பற்களும் தெரிய.