எட்டாவது ஆள்

“தீர்த்தகிரி பேரை அடிச்சுப் போடுங்க. பாக்கவே சங்கடமா இருக்குது,” என்றார் பந்தயக் கமிட்டித் தலைவர் காளியண்ணன்.

செயலாளர் மருதாசலம் பேனாவை எடுத்தான். ஆனால் அடிக்கவில்லை.

தலைவர் சொன்னதில் தப்பில்லை. தீர்த்தகிரி மெட்ராஸ் சைக்கிள் பந்தயத்தில் தொடர்ந்து ஐந்து வருஷம் கோப்பை வாங்கியவர். கடைசிக் கோப்பையோடு 1929-ல் சேலம் ரயிலடியில் வந்து இறங்கியபோது, சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அத்தோடு பந்தயத்தை விட்டுவிட்டு, ஓமலூரில் சைக்கிள் ரிப்பேர்க் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று நாலு வருஷத்துக்கு முன் சேலம் மைதானத்துப் பந்தயத்தில் பேர் கொடுத்தார். வந்தது கடைசி. அதற்கடுத்த மூன்று வருஷமும் கடைசி. இப்போது வயது நாற்பத்து மூன்று.

“என்ன ரோசனை?” என்றார் தலைவர்.

“இன்னிக்குக் காத்தால மைதானத்துல ஆருமே இல்லீங்க. அவரு மட்டும் தனியா ஓட்டிக்கிட்டிருந்தாரு. சும்மா பத்துச் சுத்துக்கும் கடியாரத்தைப் புடிச்சுப் பாத்தேன்.” மருதாசலம் குரலைத் தாழ்த்தினான். “போன வருசம் ஜெயிச்சவனைவிட அரை நிமிசம் வேகமுங்க.”

தலைவரின் முகம் மாறியது. “அப்ப வேணும்னே தோக்கறாரா? இதுல என்னமோ சூது இருக்குது. சரி, ஓடட்டும். நீங்க கண்ணை எடுக்காம பாருங்க. நெசமா இருந்தா, ஜனங்க முன்னாலயே சொல்லி அனுப்பிச்சுரலாம்.”

சாயங்காலம் எட்டுப் பேர் புறப்பட்டார்கள். பத்துச் சுற்று. மருதாசலம் வளைவில் போய் நின்றுகொண்டான்.

முதல் ஐந்து சுற்றும் தீர்த்தகிரி நடுவில் வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக முன்னே விட்டார். கடைசிச் சுற்றில் அவருக்குப் பின்னால் ஒரே ஒருவன்தான். சென்றாயன். ராசிபுரத்துத் தறிக்காரன், இரவல் சைக்கிள். வாய் பிளந்து, ஹேண்டில் ஆட ஆட வந்துகொண்டிருந்தான்.

தீர்த்தகிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பந்தய சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்க, சுற்றுகிற பெடலைக் காலால்தான் எதிர்த்து அழுத்தவேண்டும். தீர்த்தகிரியின் தொடை நரம்பு புடைத்ததை மருதாசலம் கண்ணால் பார்த்தான்.

சென்றாயன் அரைச் சக்கரம் முந்திக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டினான்.

“ஏனுங்க சாம்பியன், வழியில தூங்கிட்டீங்களா?” என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தீர்த்தகிரி அந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டினார்.

சென்றாயனோ, ஜெயித்தவனைவிடப் பெரிதாகக் குதித்துக்கொண்டிருந்தான். “சாம்பியனையே முந்திட்டனப்பா! அடுத்த வருசத்துக்கு இப்பவே பேர் எழுதிக்குங்க!”

மருதாசலமும் தலைவரும் தீர்த்தகிரியைக் கொடிக்கம்பத்தின் பக்கம் மடக்கினார்கள்.

“நீங்க பெடலை அழுத்திப் புடிச்சதை நான் பாத்தேனுங்க,” என்றான் மருதாசலம்.

“பாத்துட்டீங்களா?” தீர்த்தகிரி சைக்கிளைச் சாய்த்து வைத்தார்.

“ஆரு சொல்லி இப்பிடித் தோக்கறீங்க? சொல்லீருங்க. இல்லாட்டி இப்பவே எல்லார்த்துக்கும் சொல்லிப்போடுவேன்,” என்றார் தலைவர்.

“அது மட்டும் வேண்டாமுங்க.” தீர்த்தகிரி பதறிப்போய் சென்றாயன் இருந்த பக்கம் பார்த்தார். அவன் காதில் விழவில்லை என்று தெரிந்தபிறகுதான் பேசினார்.

“அஞ்சு வருசத்துக்கு முந்தி நான் இங்க வேடிக்கை பாக்க வந்தனுங்க. கடைசியா வந்தவனைப் பாத்து மைதானமே ஊளையுட்டுச்சு. சைக்கிளை அங்கயே போட்டுட்டு அழுதுக்கிட்டே போனான். அப்பறம் அவன் இந்தப் பக்கமே வரலை.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எட்டுப் பேரு ஓடுனா ஒருத்தன் கடைசியா வந்துதானுங்க ஆகோணும்? அஞ்சு கோப்பை வாங்குனவனைப் பாத்துச் சிரிச்சா, எனக்கு என்னங்க கொறஞ்சு போகுது?”