மாமரத்தடியில் ஒரு அப்பா

"நலியாகா! உன் அப்பா வந்திருக்கார். வாசலுக்கு வா!"

மைக்கில் வந்த அறிவிப்பைக் கேட்டு மேட்ரன் ரிஸ்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏது அப்பா? கென்யாவின் புங்கோமா ஊரிலுள்ள இந்தச் சிறுமியர் இல்லத்துக்குக் கைக்குழந்தையாக வந்தவள். பதினைந்து வருஷத்தில் எந்தப் பார்வையாளர் ஞாயிறிலும் அவளைத் தேடி ஒரு ஈ, காக்கை வந்ததில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். நலியாகாவோடு நடந்து போனவன் மகோக்கா. இதே இல்லத்தில் இருக்கும் நசிமியுவின் அப்பன்!

ரிஸ்பாவுக்குப் பகீரென்றது. அடுத்த மாதம் நசிமியுவை அவனோடு வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா என்று முடிவு சொல்ல வேண்டியவளே அவள்தான். பெற்ற மகள் உள்ளே இருக்க, நாதியில்லாத பெண்ணுக்கு அப்பன் என்று வாசலில் புளுகிவிட்டு வருகிறான் என்றால் என்ன அர்த்தம்?

"ஆள் சரியில்லைன்னு அன்னிக்கே நினைச்சேன்" என்று முணுமுணுத்தபடி, அவர்கள் உட்கார்ந்த மாமரத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

பாயில் வைத்திருந்த உகாலிக் களியிலும் கோழிக் குழம்பிலும் ஆவி பறந்தது. சாப்பாட்டைக் காட்டித்தானே வலை விரிப்பார்கள்!

ஆனால் அவன் குழையவில்லை. அதட்டினான்.

"கணக்குல ஏன் இவ்வளவு கம்மி? படிக்கிறியா, இல்ல ஊர்வம்பு பேசிட்டுத் திரியறியா?"

நலியாகாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அழுதா விட்ருவேனா? அடுத்த பரீட்சையில இப்படி வாங்கு, அப்புறம் இருக்கு!"

சொந்தமா பந்தமா, இவன் யார் மிரட்ட? ரிஸ்பாவுக்கு ரத்தம் கொதித்தது. விறுவிறுவென்று பெண்களின் அறைக்குப் போனாள். நசிமியு கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள்.

"உங்கப்பன் பண்ற காரியம் தெரியுமாடி? இனிமே இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டேன். உன்னையும் அவனோட அனுப்ப மாட்டேன்!"

பெண் பதறி எழுந்தாள். "ஐயோ, அப்பா மேல தப்பில்ல மேட்ரன்! 'உன்னைப் பார்க்கத்தானே வந்தேன், முடியாது'ன்னுதான் சொன்னார். நான்தான் வேலியோரமா நின்னு கெஞ்சி அனுப்பினேன்."

"எதுக்குடி? அவளையும் கூட உட்கார வெச்சுச் சாப்பாடு போட்டா ஆகாதா?"

"எப்பவும் அப்படித்தான் மேட்ரன். கோழியில முதல் துண்டே அவளுக்குத்தான், விருந்தாளியாச்சே! ஆனா, விருந்தாளிய யாரு திட்டுவா? ஒரு தடவையாவது அப்பான்னு ஒருத்தர்கிட்ட திட்டு வாங்கணும்னு அவளுக்கு ஆசை."