ராக்காயியின் தொழில்

"உக்காரு, ராக்காயி," என்றார் ரப்பர் தோட்டத்தின் கணக்கெழுதும் கிராணி அப்பாதுரை.

அவள் உட்காரவில்லை. காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் அவர் பேர் வாசிக்க, தாமதமானால் அரைநாள் சம்பளம் வெட்ட, அவர் முன்னால் நின்றே பழகியவள்.

மேசைமேல் ஜப்பான்காரன் நிரப்பித் தரச் சொன்ன பாரம் கிடந்தது. தொழில் இல்லாத ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

"தோட்டத்த மூடியாச்சு. இப்ப என்ன தொழில் பண்றே?"

"சந்தையில மரவள்ளிப் புட்டு விக்கிறேங்க. அதெல்லாம் ஒரு தொழிலா?"

"கிழங்கு வாங்க ஏது காசு?"

"மூக்குத்திய வித்தேன்."

"புட்டு விக்கலேன்னா?"

"நட்டம் எனக்குத்தான். நாங்களே தின்னுருவோம்லா."

கிராணி சிரித்தார். "பிரெஞ்சுக்காரன் இதுக்கு ஒரு பேரு வச்சிருக்கான். ஆன்த்ரப்ரனர். ஊருக்கு எது இல்லேன்னு பாத்து, சொந்தக் காசப் போட்டு, நட்டத்தையும் தானே தாங்குற ஆளு. நம்ம துரைகூடச் சம்பளத்துக்குத்தான் இருந்தாரு. நீ அப்படி இல்லே."

"அவ்ளோ பெரிய பேர என் பாரத்துல எழுதப் போறீங்களா?"

"இது உன் பாரம் இல்லே."

அவர் தாளைத் தூக்கி வாசித்தார். "பெயர், அப்பாதுரை. தொழில், காலி. முதலாளி, காலி." குரல் இறங்கியது. "தோட்டத்தோட என் வேலையும் போச்சு. கிழங்குத் தோலு சீவ ஆள் வேணுமா, அக்கா?"

ராக்காயி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"காலைல அஞ்சு மணிக்குப் பெரட்டு, கிராணியாரே. லேட்டா வந்தா அரைநாள் சம்பளந்தான்."