பக்கத்துத் தோட்டம்

“காஜா எடுக்க எட்டு சட்டை கிடக்கு. நீ என்னடான்னா போன்ல தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கே,” என்று எரிந்து விழுந்தார் தையல்காரர்.

“விளையாடத்தானே செய்றேன். யார்கிட்டயும் பேசலையே,” என்ற மனைவி, போனை வைத்துவிட்டுப் பட்டன் வாங்கக் கிளம்பினாள்.

இந்த விளையாட்டுச் சனியனை இன்றோடு அழித்துவிடலாம் என்று அவர் போனை எடுத்தார். திரையில் அவள் தோட்டம். வேலிக்கு அப்பால் இன்னொருவர் தோட்டம். வேலியில் தொங்கிய பலகையில் புதிதாக ஒரு செய்தி வந்து விழுந்தது.

“அம்மா, இன்னைக்குப் பாப்பா நடந்துட்டா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.”

‘அவகூடப் போன்ல ஒரு வார்த்தை பேசினா நீயும் வெளியே போயிடு.’ மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று அவர் சொன்னது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லைதான்.

திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்க்கக் கூசியது. போனை அவளிடம் நீட்டினார்.

“பக்கத்துத் தோட்டம் காஞ்சு கிடக்கு. தண்ணி எப்படி ஊத்தணும்?”