ஏழு கோல்

மரக்காணம் டீம் அனுமந்தையை ஏழு கோல் போட்டு ஜெயித்ததும், மூன்று வருஷம் கழித்து ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த முஜீப்புக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தத் தடவை கப்பு நமக்குத்தான் தேவா. வருஷா வருஷம் நம்மள அழவச்ச டீமையே அடிச்சிட்டோமே."

கூட நின்று பார்த்த தேவா உற்சாகம் காட்டவில்லை. "இதை வச்சு நாம பெரிய டீம்னு சொல்ல முடியாதுப்பா."

"ஏம்பா, தொடர்ந்து நாலு மேட்ச் ஜெயிச்சாச்சு. இன்னும் என்ன சந்தேகம்? அவங்க கோல்கீப்பரைப் பார்த்தியா, தலையெல்லாம் நரை. 'பெருசு, வீட்டுக்குப் போய்ப் படு'ன்னு கத்துனேன். ஒருத்தனும் சிரிக்கல."

"அவரு பழைய கீப்பர் செழியனோட அப்பா," என்றான் தேவா. "போன டிசம்பர் சுனாமியில செழியனோட சேர்த்து அந்த டீம்ல அஞ்சு பேர் போயிட்டாங்க. டீமைக் கலைக்க மனசில்லாம அப்பாமாருங்க இறங்கி ஆடுறாங்க."

முஜீப் மன்னிப்புக் கேட்க மைதானத்தைக் கடந்து போய் அவர் எதிரில் நின்றான்.

அவன் வாய் திறக்கும் முன்பே பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க டீம் நல்லா ஆடுது தம்பி. எங்க பசங்க இருந்திருந்தாகூட உங்களை ஜெயிக்கிறது கஷ்டம்தான்."