சூளையிலிருந்து வந்த நிறம்

சூளைக் கதவைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். கேலரிக்காரர் பார்க்கிறார் என்றால் சும்மா நிற்பதுகூட அவருக்குக் கலைதான்.

முப்பது வருஷம் கேன்வாஸில் வரைந்து பேர் வாங்கிய நவீன ஓவியர். போன வருஷம் தூரிகைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு மண்ணில் இறங்கினார். 'நெருப்போடு உரையாடுகிறேன்' என்று பேட்டி வேறு. வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது.

இந்தப் பீங்கான்கள் பிடித்தால் கண்காட்சி. பிடிக்காவிட்டால், ஆள் தீர்ந்துபோனார் என்று கேலரிக்காரரே ஊரெல்லாம் சொல்லிவிடுவார். இரண்டு நாளாக இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான்.

இந்தச் சூளைப் பட்டறையை நடத்தும் அம்மாவுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். சுடுவதற்கு முன் பூசும் நிறப்பூச்சு, வாளியில் இருக்கும்போது எல்லாமே சேற்று நிறம். சுட்டு எடுத்தால்தான் எது சிவப்பு, எது நீலம் என்று தெரியும்; சூட்டைப் பொறுத்து நிறம் மாறியும் வருமாம். வருகிற ஓவியர்கள் எல்லாம் இதற்காகச் சண்டைக்கு நிற்பார்களாம். இவர் மட்டும் வாளியில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு அமைதியாக முக்கி எடுப்பாராம். வாழ்க்கையில் இவர் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே வேலை அதுதான்.

கேலரிக்காரர் பெரிய ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"என்ன கலர் சார் இது! எப்படிப் புடிச்சீங்க?"

நான் சட்டென்று இவரைப் பார்த்தேன்.

"அது நெருப்போட முடிவு. நான் தலையிடறதில்ல" என்றார் இவர், தாடியைத் தடவியபடி.

கேலரிக்காரர் உருகிவிட்டார். அடுத்த மாதமே கண்காட்சி என்று கை குலுக்கிவிட்டு, பட்டறை அம்மாவோடு வெளியே போனார்.

இவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன கலர்ல வந்திருக்கு?"

போன வருஷம் இவர் மண்டைக்குள் வெடித்த ஒரு சின்ன ரத்தக்குழாய், பார்வையை விட்டுவிட்டு நிறங்களை மட்டும் வாரிக்கொண்டு போய்விட்டது. டாக்டருக்கும் எனக்கும்தான் தெரியும்.

"பச்சை" என்றேன்.

"எந்தப் பச்சை?"

எனக்கு என்ன தெரியும்? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு யோசித்தேன்.

"நம்ம பாத்ரூம் பக்கெட் பச்சை."

கண்ணை மூடிக்கொண்டார்.

"அட, நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.