சம்பந்தியின் கார்

எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் விஜிதரன் வாடகைக்கு எடுத்த சின்னக் கிரேனின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் சம்பந்தி குலேந்திரன், எஞ்சினோடு சேர்த்துப் பூட்டிய கியர்பொக்ஸின் வாலைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"இறக்கட்டோ, சம்பந்தி?"

"நீங்கள் சொன்னாச் சரி."

"இல்லையில்லை, நீங்கள்தான் சொல்லோணும்."

இந்த மரியாதையில்தான் இன்னொரு சனிக்கிழமையும் நாசமாகிக்கொண்டிருந்தது.

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் விஜிதரன் குடியிருந்த மாடிக் கட்டடத்துக்குக் கீழே அவருக்கு ஒரு கராஜ் இருந்தது. சம்பந்தி வீட்டில் அந்த வசதி இல்லை. அதனால் மகளும் மருமகனும் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்த காரை இங்கேதான் இறக்கினார்கள். வீட்டிலேயே துண்டு துண்டாகப் பொருத்திக்கொள்ளும் கார். எஞ்சினை மட்டும் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்கள்.

"மாமாவுக்குச் சின்ன வயசிலயிருந்தே இந்த ஆசை அப்பா. நீங்கள் கூட நிண்டு உதவி செய்யுங்கோவன்" என்று மகள் மிதுஷா கேட்டபோது விஜிதரனால் மறுக்க முடியவில்லை. வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் இரும்போடு மாரடிப்பவர் அவர். சனிக்கிழமையாவது இழுத்துப் போர்த்துக்கொண்டு படுக்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

ஆனாலும் வந்துதான் ஆக வேண்டும். மிதுஷாவுக்கும் குலேந்திரனின் மகன் நிலனுக்கும் கலியாணமாகி, கலியாண வீடியோ கைக்கு வந்த அன்றே இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஆலாத்தி எடுத்த காட்சியைக் காணவில்லையாம். வெட்டியது வீடியோக்காரன், பழி விழுந்தது விஜிதரன் தலையில். ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருந்த சம்பந்திகள் இந்தக் காரால்தான் மறுபடி ஒரு கூரையின் கீழ் நின்றார்கள்.

மாமாவோடு மட்டும் சத்தம் போட்டுவிடாதேங்கோ என்று மிதுஷா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இன்னொரு முறை முறுகினால் நடுவில் நசிவது அவள்தான். அதற்காகவே விஜிதரன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

போன கிழமை இருக்கை பூட்டும்போதும் இதே கூத்துத்தான். ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் எவ்வளவு இடம் விடுவது என்று கேட்டதற்கு, கட்டையான சம்பந்தி நெட்டையான விஜிதரனைப் பிடித்து உள்ளே இருத்தினார். அவருடைய காலுக்கே அளவெடுத்துக் கோடும் போட்டார். மரியாதை செய்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று விஜிதரனுக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது மெல்ல மெல்ல இறக்கினார். முன்பக்கம் சரியாக உட்காரப்போகும் நேரம், கியர்பொக்ஸின் வால் பின்னால் இருந்த சட்டத்தில் முட்டியது. முட்டப்போவதைச் சம்பந்தி கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நிப்பாட்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும். சம்பந்தியிடம் அப்படிச் சொல்லலாமா? "குறை நினைக்கக்கூடாது சம்பந்தி, ஒருக்கா கொஞ்சம்..." என்று அவர் தொடங்குவதற்குள் புதுச் சட்டத்தில் நீளமாகக் கீறல் விழுந்துவிட்டது.

மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார். இந்தமுறை வால் உள்ளே போனது, முன்னால் போல்ட் ஓட்டைகள் ஒரு விரல் தள்ளி நின்றன. சாண் ஏற முழம் சறுக்கியது. வாலைப் பிடித்து ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினால் பொருந்திவிடும். அதைச் சொல்ல விஜிதரனுக்கும் வாய் வரவில்லை. கை நோகாவிட்டால், ஏலுமென்றால், கொஞ்சம் அங்கால என்று இழுத்தார். சம்பந்தி பூவைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டு, இவ்வளவு காணுமோ என்று கேட்டார்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று விஜிதரன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கிரேன் தானாக ஒரு இறக்கம் இறங்கியது. விரல் இரும்புக்கிடையில் மாட்டிக்கொண்டது.

"தள்ளடா வாலை, மடையா!"

கராஜ் அதிர்ந்தது. மேலே யாரோ யன்னலைச் சாத்தினார்கள். குலேந்திரன் முழுப் பலத்தோடும் தள்ள, விரல் வெளியே வர, எஞ்சின் டக்கென்று இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. ஓட்டைக்கு ஓட்டை நேராக நின்றது.

விஜிதரனுக்கு விரல் வலி தெரியவில்லை, நாக்கைத்தான் அறுத்துப்போட வேண்டும்போல இருந்தது. சம்பந்தியை டா போட்டாகிவிட்டது, மடையன் என்றும் சொல்லியாகிவிட்டது. ஒரு ஆலாத்திக்கே ஒரு வருடம் என்றால் இதற்கு எத்தனை வருடமோ? மிதுஷாவின் முகத்தை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

குலேந்திரன் நிமிர்ந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினார், கையைத் துடைத்தார், ஜாக்கெட்டை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

விஜிதரன் ஓடிப்போய் வாசலை மறித்தார். மேசையில் கிடந்த கார்த் திறப்பை, சாவி வளையத்தோடு எடுத்து அவர் கைக்குள் வைத்து அழுத்தினார்.

"வாய் தவறிட்டுது சம்பந்தி, மனசில வச்சிருக்காதேங்கோ. உங்கட ஆசைக்காகத்தானே நானும் சனிக்கிழமை நித்திரையை விட்டிட்டு நிக்கிறன். உங்கட கார், திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும்."

குலேந்திரன் திறப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜாக்கெட்டின் ஒரு கை இன்னும் மாட்டாமல் தொங்கியது.

"என்ர காரோ? இது உங்கட காரெண்டெல்லோ நிலன் சொன்னவன்."